லைக்காவில் ஜூபிடர்-3: மரை ஏறுகிறது, ஃபோகஸ் பின்னால் விழுகிறது

ஜனவரி 6, காலை (கேள்வி)

லைக்கா 3எஃப் பாடியில் 1950களின் சோவியத் லென்ஸான ஜூபிடர்-3 (50 மி.மீ., எஃப்/1.5) போட்டிருக்கிறேன். மரை சரியாக ஏறி இறுகுகிறது. தூரத்துக் கட்டடம் நல்ல கூர்மை. ஒரு மீட்டரில் முகம் எடுத்தால் மட்டும் கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும் கிருதா முடிதான் கூர்மையாக வருகிறது. எஃப்/4, 5.6 வைத்தால் பிரச்சினை இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு உருவங்களைச் சேர்த்துத் தூரம் பார்க்கும் பாகம்) அவுட், அட்ஜஸ்ட் பண்ணினால் போதும் என்கிறார்கள். எந்த ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்?

ஜனவரி 6, மாலை (பதில்)

எதையும் திருப்பாதீர்கள். தொலைவில் சரி, அருகில் பின்னால் விழுகிறது, அபர்ச்சரைச் சுருக்கினால் மறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லென்ஸின் குவியத்தூரத்தை. பாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு லென்ஸின் பெயரும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது. லென்ஸின் பின்விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் உள்ளே இருக்கும் உருளைக்குத் தெரியும். அந்த நகர்வை 51.6 மி.மீ. லென்ஸின் நகர்வாக எடுத்துக்கொண்டு இரட்டை உருவத்தைச் சேர்க்கிறது. லைக்காவின் '50' உண்மையில் 51.6. ஜூபிடர்-3 ஜெய்ஸின் சோனார் 50/1.5 வழி வந்தது. ஜெய்ஸின் கான்டாக்ஸ் காமிராத் தரத்தில் '50' என்பது 52.4.

ஃபிலிமிலிருந்து பொருள் வரை 1 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 51.6 லென்ஸ் முடிவிலி (மிகத் தொலைவு) நிலையிலிருந்து 2.98 மி.மீ. வெளியே வர வேண்டும். 52.4 லென்ஸ் 3.08 மி.மீ. வர வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் 2.98இலேயே உருவங்களைச் சேர்த்துவிடுகிறது. 0.10 மி.மீ. குறைகிறது. ஃபிலிம் பக்கத்து இந்த 0.10, பொருள் பக்கத்தில் ஏறக்குறைய 3 செ.மீ. கண்ணுக்கும் கிருதாவுக்கும் நடுவே இருப்பது அதுதான்.

ஒரு புள்ளி 0.03 மி.மீ. வட்டமாக மங்கும் வரை (வழக்கமான மங்கல் வட்டம்) ஏற்றுக்கொண்டால் ஃபிலிம் பக்கம் கிடைக்கும் சலுகை: எஃப்/1.5இல் முன்னும் பின்னும் 0.045, எஃப்/2இல் 0.06, எஃப்/2.8இல் 0.084, எஃப்/4இல் 0.12. உங்கள் பிழை எஃப்/4இல் மறைவது இதனால்தான்.

ஜனவரி 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூபிடரின் எம்39 (39 மி.மீ. மரை) வடிவம் சோவியத் காமிராவான சோர்க்கிக்காகச் செய்தது. சோர்க்கி லைக்காவின் நகல். அப்படியானால் தொழிற்சாலையிலேயே 51.6க்குத் திருத்தியிருக்க மாட்டார்களா?"

திருத்த வேண்டுமானால் கண்ணாடி ஒரு அளவும் கேம் (ரேஞ்ச்ஃபைண்டர் உருளையைத் தொட்டுத் தள்ளும் விளிம்பு) இன்னொரு அளவும் நகர வேண்டும். 85, 135 லென்ஸ்களில் அப்படித்தான்: இரண்டு ஹெலிகாய்டு (லென்ஸை முன்பின் நகர்த்தும் சுருள் மரை), கண்ணாடி பல மி.மீ. நகரும்போது கேம் வளையம் 51.6 லென்ஸ் நகரும் அளவு மட்டும் நகரும். ஜூபிடர்-3, ஜூபிடர்-8 இரண்டிலும் அது இல்லை. கண்ணாடியைத் தாங்கும் குழலின் பின்விளிம்பே கேம். கண்ணாடி 1 மி.மீ. போனால் கேமும் 1 மி.மீ. எனவே தொழிற்சாலை செய்திருக்கக்கூடியது, ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய வளையம்) தடிமனை மாற்றிப் பிழையை அருகுக்கும் தொலைவுக்கும் பங்கிடுவது மட்டும்தான்.

இதில் ஒன்று சேர்க்க வேண்டும். இந்த லென்ஸ்களுக்கு எழுபது வயது. பாதிக்கு மேல் யாரோ திறந்து, கிரீஸ் மாற்றி, ஷிம்மைத் தொலைத்தோ இரட்டிப்பாக்கியோ மூடியிருப்பார்கள். ஆகவே 'ஜூபிடர் என்றால் பின்னால் விழும்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்த முடியாது. முன்னால் விழும் ஜூபிடர்களும் சந்தையில் உண்டு. அளக்காமல் கை வைக்கக் கூடாது.

ஜனவரி 8: அளக்கும் முறை

வரிசை முக்கியம். முதலில் முடிவிலி, பிறகு 1 மீட்டர், கடைசியில் 3 மீட்டர்.

முடிவிலிக்குக் குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கோபுரமோ கம்பமோ தேவை. நிலா இன்னும் நல்லது. லென்ஸை அதன் தடுப்பு வரை திருப்பி இரட்டை உருவம் சேர்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் 3எஃப்பில் ரீவைண்ட் குமிழ் அருகே இருக்கும் டயாப்டர் நெம்புகோலை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். 'ரேஞ்ச்ஃபைண்டர் அவுட்' என்று வரும் புகார்களில் பல இந்த நெம்புகோலோடு தீர்ந்துவிடும்.

1 மீட்டர் சோதனைக்கு ஸ்டேண்டில் காமிரா, எதிரே நேராக நிற்கும் ஒரு கறுப்புக் கோடு, அதை ஒட்டி 45 பாகையில் சாய்த்த எஃகு ஸ்கேல். ஸ்கேலில் 10 மி.மீ. என்றால் ஆழத்தில் 7 மி.மீ. அபர்ச்சர் முழுத் திறப்பு. கோட்டில் ஃபோகஸ் வைக்கும்போது ஒரு முறை தூரத்திலிருந்து அருகுக்கும், மறுமுறை அருகிலிருந்து தூரத்துக்கும் திருப்பி எடுங்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் ஹெலிகாய்டில் ஆட்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை மற்ற எண்கள் எதற்கும் பொருளில்லை.

3எஃப் அடியில் திறந்து ஃபிலிம் போடும் பாடி. பின்பக்கம் திறக்காது, தேய்த்த கண்ணாடி (உருவம் விழுந்து தெரியும் மங்கல் கண்ணாடி) வைத்துப் பார்க்க வழியில்லை. ஃபிலிமில்தான் சோதிக்க வேண்டும். பின்கதவு கழலும் ஃபெட்-2, சோர்க்கி-4 போன்றவற்றில் தேய்த்த கண்ணாடித் துண்டு வைக்கலாம். ஃபிலிம் உட்காரும் உள் தண்டவாளத்தின் மேல், தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்த்து. வெளித் தண்டவாளம் அழுத்துத் தகட்டுக்கானது, சற்று உயரம். அதன் மேல் வைத்தால் தேடுகிற பிழையை விடப் பெரிய பிழையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். செலோடேப் ஒட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம், நடுவில் தொய்யும்.

பாடியா லென்ஸா என்று பிரிக்க லைக்கா தரத்துக்கே செய்த இன்னொரு லென்ஸ் வேண்டும். எல்மார் 50/3.5 போதாது, எஃப்/3.5இல் சலுகையே 0.105 மி.மீ., உங்கள் பிழை முழுவதையும் மூடிவிடும். கேனன் 50/1.8 மரை லென்ஸ் இதற்கு நல்லது. அது 1 மீட்டரில் சரியாக விழுந்தால் பாடியைத் தொடக் காரணமில்லை.

ஜனவரி 8, இரவு

மேலே விட்டது: மிரர்லெஸ் காமிராவில் அடாப்டரோடு மாட்டி 'லென்ஸ் பக்கா' என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே திரையைப் பார்த்து ஃபோகஸ் வைக்கிறீர்கள், கேமை யாரும் தொடுவதே இல்லை. கண்ணாடி தெளிவா, மையம் விலகியிருக்கிறதா என்பது தெரியும். கண்ணாடிக்கும் கேமுக்கும் உள்ள உறவு தெரியாது. இங்கே கேள்வியே அந்த உறவைப் பற்றியது.

ஜனவரி 10

இன்னொருவர்: "லைக்கா எம்3இல் (மரைக்குப் பதில் எம் மவுண்ட் உள்ள பாடி) மலிவு அடாப்டர் போட்டு ஜூபிடர்-8 பயன்படுத்துகிறேன், முன்பின்னாக விழுகிறது. நல்ல அடாப்டர் வாங்கினால் சரியாகுமா?"

மரை மவுண்ட்டில் முகப்பிலிருந்து ஃபிலிம் தளம் 28.8 மி.மீ., எம் மவுண்ட்டில் 27.8 மி.மீ. இடையில் இருக்கும் 1 மி.மீ.தான் அடாப்டர். மலிவானவை 0.95, 1.03 என்று வருவது உண்டு, மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஆனால் உங்கள் லென்ஸில் அடாப்டர் பிழை ஃபோகஸைக் கெடுப்பது அரிது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது, விரித்தே சொல்கிறேன்.

அடாப்டர் 0.05 மெலிந்திருக்கிறது என்று வையுங்கள். கண்ணாடி 0.05 உள்ளே போகிறது. கேமும் அதே 0.05 உள்ளே போகிறது. நீங்கள் உருவங்கள் சேரும் வரை திருப்பும்போது கேம் உருளையைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறது. அதோடு ஒட்டிய கண்ணாடியும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. பிழை தானாகக் கழிகிறது. தூர எண்களும் முடிவிலித் தடுப்பும் மட்டும் சற்று நகர்ந்திருக்கும்.

தடித்த அடாப்டரில் சிக்கல் வேறு. 0.05 தடித்தால் லென்ஸ் தடுப்பில் முட்டி 53 மீட்டருக்கு அப்பால் போகாது. அப்போது இரட்டை உருவமும் முடிவிலியில் சேராது. ரேஞ்ச்ஃபைண்டர் உண்மையைத்தான் சொல்கிறது. இதைப் பார்த்து 'முடிவிலி சேரவில்லை' என்று உருளையின் நடு ஸ்க்ரூவைத் திருப்பிச் சேர்த்துவிட்டால் எல்லா லென்ஸும் எல்லாத் தூரத்திலும் கெடும். எம் பாடிகளில் அந்த ஸ்க்ரூ மவுண்ட் வழியே கண்ணில் படுவதால் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10, இன்னும் கொஞ்சம்

மேலே சொன்னது கண்ணாடியும் கேமும் ஒன்றாக நகரும் 50களுக்கு மட்டும். 135இல் கேம் 0.05 நகர்ந்தால் கண்ணாடி ஏறக்குறைய 6.85 மடங்கு, அதாவது 0.34 மி.மீ. நகரும். அடாப்டர் தள்ளிய 0.05ஐக் கழித்தாலும் 0.29 பிழை. ஜூபிடர்-11 எஃப்/4 லென்ஸ், சலுகை 0.12. தப்பாது. 90இல் மூன்று மடங்கு, நிகரப் பிழை 0.10. எஃப்/4இல் பிழைக்கும், எஃப்/2இல் பிழைக்காது. 35இல் 0.03க்கும் கீழே, கவலை வேண்டாம். நல்ல அடாப்டருக்குச் செலவழிப்பது நீண்ட லென்ஸ்களுக்காகத்தான்.

ஜனவரி 13: ஷிம்

கேள்வி கேட்டவர் சோதித்து எழுதியிருக்கிறார்: கேனன் 50/1.8 சரியாக விழுகிறது, ஜூபிடர்-3 1 மீட்டரில் 28 மி.மீ. பின்னால், முடிவிலி சரி. கணக்கோடு பொருந்துகிறது. இது மாற்றப்படாத லென்ஸ் என்றே நினைக்கிறேன்.

கண்ணாடித் தொகுதிக்கும் ஃபோகஸ் மவுண்ட்டுக்கும் நடுவே ஷிம் வளையம் இருக்கிறது. அங்கே தடிமன் கூட்டினால் கண்ணாடி மட்டும் முன்னே போகும், கேம் அசையாது. அடாப்டரில் ஷிம் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அங்கே கழிந்துவிடும், இங்கே கழியாது.

எவ்வளவு? திருத்தாத லென்ஸில் குறைவு 1 மீட்டரில் 0.10, 1.5 மீட்டரில் 0.06, 3 மீட்டரில் 0.03, முடிவிலியில் பூஜ்யம். 0.10 கூட்டினால் 1 மீட்டர் துல்லியம், ஆனால் 3 மீட்டரில் 0.07 முன்னால் விழும். நான் 0.06 போடச் சொல்வேன். 1.5 மீட்டர் நேராக விழும். 1 மீட்டரில் 0.04 பின்னால், 3 மீட்டரில் 0.03 முன்னால், இரண்டும் எஃப்/1.5இன் சலுகைக்குள். முடிவிலியில் லென்ஸ் 46 மீட்டரில் நிற்கும். எஃப்/1.5இல் மலைக்காட்சி மென்மையாகும், எஃப்/2.8இல் சரியாகிவிடும். எஃப்/1.5 லென்ஸை முழுத் திறப்பில் மலைக்கு யாரும் வாங்குவதில்லை, முகத்துக்குத்தான் வாங்குகிறார்கள்.

செய்முறை. முதலில் அபர்ச்சர் வளையத்தின் இடத்தைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். தொகுதியைப் பிடித்திருக்கும் சிறு செட்-ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். பழைய ஸ்க்ரூ, தலை எளிதில் சிதையும், அளவு சரியான ஸ்க்ரூட்ரைவர் மட்டும். தொகுதியைத் திருகி வெளியே எடுத்தால் ஷிம் தெரியும். சில லென்ஸ்களில் ஒன்று, சிலவற்றில் இரண்டு மூன்று. ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். பித்தளைத் தகடு சிறந்தது. கிடைக்காவிட்டால் குளிர்பான அலுமினிய டப்பாவின் சுவர் 0.1 மி.மீ.யை ஒட்டி வரும், சமையலறை அலுமினியத் தாள் 0.015 அளவில் வரும், நான்கு அடுக்கு 0.06. எதுவானாலும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே நம்புங்கள். சாதாரண 80 கிராம் காகிதமும் 0.1தான், ஆனால் இறுக்கினால் அமுங்கும், ஒரு நாள் சோதனைக்கு மேல் வேண்டாம்.

கழுத்தை நெரிக்கும் இடம் கடைசியில். ஷிம் தடித்ததும் தொகுதி பழைய கோணத்தில் வந்து நிற்காது. அபர்ச்சர் எண்கள் பக்கவாட்டில் போய்விடும், செட்-ஸ்க்ரூ பழைய குழியில் உட்காராது. குழியைத் தேடி ஸ்க்ரூவை இறுக்கினால் தொகுதி திரும்பி ஷிம்மிலிருந்து விலகும், பிழை மீண்டும் வரும். எண்கள் கோணலாக இருப்பதை ஏற்றுக்கொண்டு ஸ்க்ரூவை மெதுவாக அழுத்துங்கள், அல்லது புதிய குழி போடுங்கள். துளையிடும்போது உலோகத்தூள் உள்ளே போகாமல் தொகுதியைத் தனியே எடுத்துவிட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிக் கூடு கடைசி வரை இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் கண்ணாடி இடைவெளி மாறி, குவியத்தூரமே மாறிவிடும், இத்தனை கணக்கும் வீண்.

ஜனவரி 14

நேற்றைய கணக்கில் ஒரு சங்கதி வரவில்லை. சோனார் வகையில் அபர்ச்சரைச் சுருக்கினால் ஃபோகஸ் தளமே பின்னால் நகரும். கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் நடுவும் ஓரமும் ஒளியை வேறு வேறு இடத்தில் குவிப்பது) முழுமையாகத் திருத்தப்படாததால் வருவது. எஃப்/1.5இல் மிகச் சரியாக விழும் லென்ஸ் எஃப்/2.8இல் சற்றுப் பின்னால் விழும். எஃப்/2.8க்குச் சரிசெய்தால் முழுத் திறப்பில் முன்னால் விழும். ஜெய்ஸ் எம் மவுண்ட்டுக்குப் புதிதாகச் செய்த சி சோனார் 50/1.5 லென்ஸிலும் இதே பேச்சு எழுந்தது, தொடக்கத்தில் எஃப்/2.8க்குப் பொருத்தி அனுப்பினார்கள், எஃப்/1.5இல் முன்னால் விழுந்தது.

ஆகவே சோதனையை முழுத் திறப்போடு நிறுத்தாமல் எஃப்/2, 2.8, 4 ஒவ்வொன்றிலும் எடுங்கள். 0.06 ஷிம்மோடு இந்த நகர்வு முடிவிலிக்கு உதவும், ஏனென்றால் 46 மீட்டரில் நிற்கும் தளம் சுருக்கும்போது அப்பால் போகும். 1 மீட்டரில் எதிராகப் போகும். அருகில் எஃப்/2.8இல் அதிகம் எடுப்பவர் 0.08 வரை போகலாம்.

ஜனவரி 17

மவுண்ட் விஷயமாக வந்த கேள்விகளுக்குச் சேர்த்து.

39 மி.மீ. மரை இருப்பதெல்லாம் லைக்கா மவுண்ட் அல்ல. ஜெனிட் எஸ்எல்ஆரின் 39 மி.மீ. லென்ஸ் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை 45.2 மி.மீ. தூரத்துக்கானது. கேமும் கிடையாது. இண்டஸ்டார்-50 இரண்டு வடிவிலும் வந்தது, விற்பவர் சொல்லாவிட்டால் பின்பக்கப் படம் கேளுங்கள். பாக்ஸெட் காமிராவின் லென்ஸ் 44 மி.மீ. தூரத்துக்கானது. பிரிண்ட் போடும் பெரிதாக்கியின் லென்ஸ்களும் இதே மரை. கேனனின் தொடக்ககால 'ஜே' மவுண்ட் மரையின் பிடி வேறு: லைக்காவில் அங்குலத்துக்கு 26 சுற்று, அதில் 24. ஒன்றிரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், வலிந்து திருகினால் இரண்டின் மரையும் போகும்.

1931க்கு முந்தைய லைக்காக்களில் லென்ஸ் அந்தந்தப் பாடிக்கே பொருத்தப்பட்டது. 28.8 தரப்படுத்திய பிறகு மவுண்ட் வளையத்தில் '0' பொறித்தார்கள். கார்கிவின் போருக்கு முந்தைய ஃபெட்களும் தரப்படுத்தாதவை. அந்த லென்ஸை அதன் பாடியிலிருந்து பிரிக்காமல் வாங்குங்கள்.

கான்டாக்ஸ், கியெவ், நிக்கான் எஸ்: மூன்றுக்கும் பயனெட் ஒன்றில் ஒன்று பூட்டும். ஆனால் நிக்கான் 51.6 பக்கம், கான்டாக்ஸும் அதன் வழிவந்த கியெவும் 52.4 பக்கம். நிக்கானில் சோனார் போட்டால் அருகில் பின்னால் விழும், கான்டாக்ஸில் நிக்கோர் போட்டால் முன்னால். 35இலும் அதற்குக் கீழும் பொருட்படுத்த வேண்டாம். 85, 135 கலக்காதீர்கள். நிக்கானே கான்டாக்ஸுக்காகச் செய்த 85, 135 லென்ஸ்களில் 'சி' எழுத்து பொறித்திருக்கும்.

ஜூபிடர்-12இன் பின்கண்ணாடி வெகுதூரம் உள்ளே நீட்டும். கான்டாக்ஸ் 2, கியெவ் இரண்டிலும் நுழையும். 1950இல் வந்த கான்டாக்ஸ் 2ஏ-வில் நுழையாது. லைக்கா எம்5, சிஎல் இரண்டிலும் ஒளி அளவீட்டுக் கை உள்ளே எழும்பி நிற்கும், அதில் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஜனவரி 19

சோர்க்கி, ஃபெட் வைத்திருப்பவர்களுக்கு. லைக்காவில் உருளை இருக்கும் இடத்தில் இவற்றில் ஆப்பு வடிவ உலோக நாக்கு இருக்கும். ('லைக்கா' என்று பொறித்த தங்க முலாம் காமிராவில் இந்த நாக்கைப் பார்த்தால் அது சோவியத் பாடி, விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.) கேம் முழு வளையமாக உள்ள ஜூபிடர், இண்டஸ்டார் லென்ஸ்களோடு பிரச்சினை இல்லை. கேம் சிறு நாக்காகவோ சரிவாகவோ உள்ள லென்ஸ்களில் தொடும் இடம் மாறி அளவு பிசகும், சில சமயம் திருகும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று மாட்டும். பாடியின் நாக்கு தடுக்கினால் நிறுத்திவிடுங்கள், வளைந்தால் அருகுத் தூர அளவீடு போயிற்று. அருகுத் தூரத்தைத் திருத்துவதே அந்த நாக்கின் கோணத்தால்தான்.

இன்னொன்று, இந்தப் பாடிகளில் மவுண்ட் வளையத்துக்கு அடியில் காகித ஷிம்கள் இருக்கும். ஷட்டர் வேலைக்காக வளையத்தைக் கழற்றியவர் அவற்றைக் குப்பை என்று எறிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆழ மைக்ரோமீட்டரில் மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்தில் 28.8 வருகிறதா என்று அளங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் படத்தின் ஒரு ஓரம் எப்போதும் மங்கும், அதை லென்ஸின் குறை என்று நினைத்து லென்ஸைத் திறப்பார்கள்.

ஜனவரி 26

0.06 போட்டு முடிவு வந்திருக்கிறது: 1 மீட்டரில் 11 மி.மீ. பின்னால், 1.5இல் நேராக. எதிர்பார்த்தது 12 மி.மீ. சுற்று, ஸ்கேல் சோதனையில் அந்த 1 மி.மீ. பொருட்டே இல்லை. இத்தோடு மூடிவிடலாம்.

அடுத்து ஜூபிடர்-9 (85/2) திறக்கப்போவதாகச் சொல்கிறார். அதில் ஷிம் கணக்கு இரண்டாவது. ஹெலிகாய்டு பல தொடக்கம் கொண்டது, அதாவது மரை பல இடங்களில் தொடங்கும். பிரியும் கணத்தில் இரண்டு பாகத்திலும் ஊசியால் கோடு கீறாமல் எடுத்தால், திரும்பப் போடும்போது வேறொரு தொடக்கத்தில் நுழைந்துவிடும். சுழற்சி சீராகவே இருக்கும், எல்லாம் சரி என்று தோன்றும், ரேஞ்ச்ஃபைண்டர் மட்டும் எந்தத் தூரத்திலும் பொருந்தாது. கேம் வளையம் பிரியும் இடத்துக்குத் தனிக்கோடு, கண்ணாடிக் குழல் பிரியும் இடத்துக்குத் தனிக்கோடு. கீறிய பிறகு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.